எண்ணிக் கொடுத்த நிறங்கள்: ஷவல் நைட் விளையாட்டு விமர்சனம்

“கிராபிக்ஸ் கிடக்கட்டும், விளையாட நல்லா இருந்தாப் போதும்.” பழைய பாணி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். கார்ப் பந்தயத்துக்கோ சதுரங்கத்துக்கோ அது பொருந்தலாம். ஓடித் தாண்டி விளையாடும் பிளாட்பார்மர் வகைக்கு இந்தப் பேச்சு செல்லாது என்பது என் எண்ணம். எந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியும், எந்தச் சுவர் உடையும், எது தொட்டால் கொல்லும் என்று அரை நொடியில் கண்தான் சொல்ல வேண்டும். அங்கே படம் தவறினால் விளையாட்டே தவறிவிடும்.

இதற்கு என் சாட்சி ஷவல் நைட். கலிபோர்னியாவில் யாட் கிளப் கேம்ஸ் என்ற சிறு குழு 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் 75,000 டாலர் கேட்டு, 3 லட்சத்து 11 ஆயிரத்துக்கு மேல் பெற்று, 2014 ஜூன் 26 அன்று வெளியிட்ட விளையாட்டு. பின்னர் 2015, 2017, 2019 என்று புதுக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இப்போது எல்லாம் சேர்ந்து ‘ஷவல் நைட்: டிரெஷர் டிரோவ்’ என்று ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. என்னிடம் பல வருடமாக இருக்கிறது. இன்றைக்கும் வேலை முடிந்து வந்தால் ஒரு லெவலாவது ஓடிப் பார்க்கத் தோன்றுகிறது.

கதை சின்னது. நீலக் கவசம் போட்ட ஒரு வீரன். வாளுக்குப் பதில் கையில் மண்வெட்டி. கூடவே சுற்றிய தோழி ஷீல்டு நைட்டை ஒரு கோபுரத்தில் இழந்துவிட்டுத் தனியாக நிற்கிறான். அவளைத் தேடிப் போகும் வழியில் எட்டு வீரர்கள், ஆளுக்கொரு கோட்டை. மண்வெட்டியால் தோண்டலாம், அடிக்கலாம், தாண்டியபடி கீழ்ப்பொத்தானை அழுத்தினால் அதன் மேலேயே குதித்துக் குதித்துப் போகலாம். அவ்வளவுதான் விதிமுறை. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வரி எழுத்துகூடத் திரையில் வருவதில்லை. முதல் லெவலில் ஒரு மண்மேடு இருக்கும், அடித்தால் ரத்தினம் தெறிக்கும். பிறகு வழியை மறித்து மண்கட்டி இருக்கும், அடித்தால் உடையும். அப்புறம் காலுக்குக் கீழே அதே நிறத்தில் அதே மாதிரி மண்கட்டி. இதையும் உடைக்கலாம்போல என்று கை தானாகக் கீழ்ப்பொத்தானுக்குப் போகும். ஒரு பழுப்பு நிறக் கட்டியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரைந்ததால் வந்த பலன் இது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கலர் செபரேஷன் செய்கிறவன். இந்த விளையாட்டு என்னை இத்தனை பிடித்துக்கொண்டதற்கு அந்தத் தொழிலும் ஒரு காரணம். பையர் அனுப்பும் டிசைனில் ஆயிரம் நிறம் இருக்கும். எங்களுக்கோ ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஐந்து நிறம் என்றால் ஐந்து ஸ்கிரீன், ஐந்து முறை மை இழுக்க வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். அதனால் நான்கு நிறத்தில் முடி என்பார்கள். எந்த நிறத்தை விட்டால் முகம் முகமாகவே நிற்கும், எந்த நிறத்தை விட்டால் செத்துப்போகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. கறுப்புத் துணி என்றால் கறுப்பு மையே போடமாட்டோம். கண், புருவம், நிழல் எல்லாவற்றுக்கும் துணியையே விட்டுவிடுவோம்.

நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுப் பெட்டியான என்.ஈ.எஸ். எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்த பெட்டி அது. அதனால் காட்ட முடிந்ததே ஏறக்குறைய 54 நிறம். ஒரு சமயத்தில் திரையில் 25 நிறத்துக்கு மேல் வராது. நகரும் உருவங்களை ஸ்ப்ரைட் என்பார்கள். ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூன்றே நிறம். நான்காவது இடம் வெறுமை, பின்னால் இருப்பது அதன் வழியே தெரியும். மெகா மேன் என்ற விளையாட்டின் நாயகனுடைய முகத்துக்கு நிறம் போதாமல், உடம்பு ஒரு ஸ்ப்ரைட்டாகவும் முகம் இன்னொரு ஸ்ப்ரைட்டாகவும் வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்கள். 1988-இல் வந்த மெகா மேன் 2-இல் அந்தப் பெரிய டிராகன் வரும்போது பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும். அவ்வளவு பெரிய உருவத்தை ஸ்ப்ரைட்டால் கட்ட முடியாது என்பதால் டிராகனையே பின்னணியாக வரைந்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் வானம் வைக்க வேறு அடுக்கு இல்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் மாற்றியிருப்பார்கள். முதன்முதலில் 1981-இல் டாங்கி காங்கில் வந்தபோதே மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததற்குக் காரணம், அத்தனை சின்ன உருவத்தில் வாயும் தலைமுடியும் வரைய இடம் போதாததுதான்.

இவையெல்லாம் தட்டுப்பாட்டில் பிறந்த தீர்வுகள். ஆனால் பாருங்கள், நாற்பது வருடம் கழித்தும் அந்த மீசை உலகம் முழுக்கத் தெரிகிறது. குறைவாக இருந்த இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு அவ்வளவு சரியாக இருந்திருக்கிறது.

ஷவல் நைட் குழு இந்தப் பழைய விதிகளில் எதை வைத்துக்கொண்டது, எதைத் தூக்கிப்போட்டது என்பதில்தான் அவர்களுடைய ரசனையை நான் மதிக்கிறேன். நிறங்களை அந்தப் பழைய பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சில சாயல்கள் கிடையாது என்பதால் ஒருசிலவற்றை மட்டும் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். உருவங்களைச் சின்னதாகவும் நிறத்தைக் குறைவாகவும் வைத்தார்கள். ஆனால் பழைய சதுரத் திரையை விட்டுவிட்டார்கள். என்.ஈ.எஸ். காட்டியது 256-க்கு 240 புள்ளி (பிக்சல்). இவர்கள் 400-க்கு 240 என்று அகலமாக எடுத்தார்கள். பழைய பெட்டியில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. அதைச் சமாளிக்க மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், உருவங்கள் மினுக்கும். அந்த மினுக்கல் ஷவல் நைட்டில் இல்லை. பின்னணி பல அடுக்காகப் பிரிந்து, தூரத்து மலை மெதுவாகவும் பக்கத்து மரம் வேகமாகவும் நகரும். உண்மையான என்.ஈ.எஸ்.ஸில் இவ்வளவு தாராளமாக இது முடியாது.

இதோடு 2008-இல் வந்த மெகா மேன் 9-ஐ வைத்துப் பாருங்கள். அதை உண்மையாகவே எட்டு-பிட் காலத்து, அதாவது என்.ஈ.எஸ். காலத்து, ஆட்டம் போலச் செய்திருந்தார்கள். வேண்டுமென்றால் பழைய மினுக்கலையும் திணறலையும்கூட வரவழைக்க ஓர் அமைப்பு அதில் உண்டு. அதுவும் நல்ல விளையாட்டுதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் மினுக்கலை யாரும் விரும்பி வரையவில்லை, அது பெட்டியின் இயலாமை. மூன்று நிறத்துக்குள் ஒரு முகத்தை நிறுத்தியது வரைந்தவரின் திறமை. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை எடுத்துக்கொண்டது ஷவல் நைட் செய்த சரியான காரியம்.

எங்கள் ஊர்ப்பக்கம் தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகள் அந்த என்.ஈ.எஸ்.ஸின் நகல்கள்தாம். நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் மஞ்சள் கேசட்டைச் சொருகிக் கான்ட்ராவும் மாரியோவும் ஆடியவர்கள் நாங்கள். அந்தக் காலக் குண்டு டிவியில் புள்ளிகள் இத்தனை கூர்மையாகத் தெரிந்ததே இல்லை. நிறம் ஒன்றோடொன்று கசிந்து, ஓரம் மழுங்கி, பஞ்சுபோல இருக்கும். இன்று எல்.இ.டி. திரையில் கத்தி போல நிற்கும் கட்டங்கள் உண்மையில் புது அழகு. அதனால் ‘பழைய ஞாபகத்துக்காகத்தான் இதெல்லாம் ஓடுகிறது’ என்று சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஞாபகமே இல்லாத பிள்ளைகளும் இதை ஆடுகிறார்கள்.

என் அக்கா மகன் ஒருவன். ஏழாவது படிக்கிறான். கைபேசியில் துப்பாக்கி விளையாட்டுதான் அவனுக்கு உலகம். புல் அசைவதும் தண்ணீரில் வெயில் படுவதும் அப்படியே தெரியும் விளையாட்டுகள் அவை. லீவுக்கு வந்தவன் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு, “இதென்னங் மாமா, கட்டங்கட்டமா இருக்குது?” என்றான். நான் ஒன்றும் விளக்கவில்லை. கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

முதல் லெவலைத் தட்டுத்தடுமாறி முடித்தான். அடுத்து கிங் நைட்டின் கோட்டை. அதில் பாதி வழியில் சட்டென்று நின்று, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். “மாமா, இந்தச் செவுரு மட்டும் வேற மாதிரி இருக்குதுங்” என்றான். நான் பார்த்தேன். அடுக்கடுக்காகச் செங்கல் போட்ட சுவர். ஒரே ஒரு கல்லில் மட்டும் இரண்டு மூன்று புள்ளி அளவுக்கு ஒரு கீறல். “அடிச்சுப் பாரு மாப்ள” என்றேன். அடித்தான், சுவர் உடைந்தது, உள்ளே ஓர் அறை, அறை நிறைய ரத்தினம். அதற்குப் பிறகு அவன் கட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே போனான்.

இந்த இடத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். புல்லும் அசைந்து, சுவரில் பாசியும் பிடித்து, நூறு வகைக் கீறல் இருக்கும் ஒரு படத்தில் அந்த ஒரு கீறல் எப்படிக் கண்ணில் படும்? அதனால்தான் இன்றைய பெரிய விளையாட்டுகள் ஏறக்கூடிய விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவைக்கின்றன. இங்கே அந்த வேலையை இரண்டு புள்ளி செய்துவிடுகிறது. சுற்றிலும் எல்லாம் ஒழுங்காக, ஒரே விதமாக வரையப்பட்டிருப்பதால்.

நிறத்தை வைத்தே ஒரு முழு லெவலை நடத்திக்காட்டும் இடமும் உண்டு. மோல் நைட்டின் லாஸ்ட் சிட்டி. எங்கு பார்த்தாலும் சிவந்து கொதிக்கும் எரிகுழம்பு. தொட்டால் அந்த நொடியே சாவு. அதில் ஒரு பச்சைப் பொருளை விழவைத்தால் குழம்பு முழுக்கப் பச்சையாக மாறி, மெத்தைபோல மேலே எறியும் பசையாகிவிடும். கொஞ்ச நேரம் முன்னால் நம்மைக் கொன்ற அதே குளம், அதே அளவு, அதே இடம். மாறியது நிறமும் அசைவும்தான். சிவப்பு என்றால் விலகு, பச்சை என்றால் மேலே குதி. இதைப் புரியவைக்க எழுத்தும் வேண்டாம், குரலும் வேண்டாம். ஆடிக்கொண்டே வரும்போது பச்சையைக் கண்டதும் பயம் போய், ஓடிப்போய் அதன்மேல் விழத் தோன்றும். அந்த மாற்றம் நமக்குள்ளே நடப்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஸ்பெக்டர் நைட்டின் இடுகாட்டு லெவலான லிச் யார்டில் இதற்கு நேர்மாறு. சில இடங்களில் திரை இருண்டுவிடும். மின்னல் வெட்டும்போதுதான் முழுசாகத் தெரியும். மற்ற நேரம் எல்லாம் வெறும் உருவரை. நிறமே இல்லாமல் வடிவத்தை மட்டும் நம்பி ஆட வேண்டும். அப்படியும் நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறைகூடக் குழப்பம் வராது. கொம்பு வைத்த தலைக்கவசமும், கையில் மண்வெட்டியும், அந்தக் குட்டையான கனத்த உடம்பும் கறுப்பு நிழலாக இருந்தாலும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் யூனிட்டில் ஒரு டிசைன் நிற்குமா என்று பார்க்க முதலில் ஒரே நிறத்தில் அடித்துப் பார்ப்போம். அதில் நின்றால் எதிலும் நிற்கும். நிக் வோஸ்னியாக் இந்த விளையாட்டுக்கு வரைந்த எட்டு வீரர்களையும் அப்படி அடித்துப் பார்க்கலாம். ஒருவனை இன்னொருவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

படம் எப்போதும் உண்மையே சொல்ல வேண்டும் என்றும் இல்லை. அயர்ன் வேல் (Iron Whale) லெவலில் தண்ணீருக்கடியில் ஒரு பொக்கிஷப் பெட்டி தெரியும். அதுவரை பெட்டி என்றால் பரிசு என்று நம்பவைத்துவிட்டு, அருகில் போனதும் அது ஒரு மாபெரும் மீனின் தூண்டில் என்று காட்டுவார்கள். இத்தனை நேரம் நேர்மையாக வரைந்தவர்கள் ஒரு தடவை ஏமாற்றினால்தான் அந்த ஏமாற்றுக்கே மதிப்பு.

இந்த இடத்தில் இன்னும் சில விளையாட்டுகளைச் சொல்லாமல் போக முடியாது. 2018 ஜனவரியில் வந்த செலஸ்ட் 320-க்கு 180 புள்ளியில் வரைந்தது. அதில் மலையேறும் பெண் மேடலினுக்குச் சிவப்பு முடி. காற்றில் ஒருமுறை பாயும் சக்தி அவளுக்கு உண்டு. பாய்ந்துவிட்டால் முடி நீலமாகிவிடும், தரையில் கால்பட்டதும் மறுபடி சிவப்பு. திரையின் மூலையில் எந்தக் கணக்கும் காட்டத் தேவையில்லை, அவளையே பார்த்தால் போதும். இந்த விளையாட்டின் முதல் வடிவம் நான்கே நாளில், 128-க்கு 128 புள்ளி, 16 நிறம் மட்டுமே தரும் பைக்கோ-8 என்ற கருவியில் செய்தது. படம் அப்போது அவ்வளவு எளியது. பெரிய விளையாட்டாக வளர்ந்தபோது பனி, காற்று, பாழடைந்த விடுதி, கண்ணாடிக் கோயில் என்று எல்லாம் சேர்ந்தது. முடி நிறம் மாறும் அந்த ஏற்பாடு மட்டும் முதல் வடிவத்திலிருந்தே அப்படியே வந்தது.

2015-இன் டவுன்வெல் இன்னும் சிக்கனம். கறுப்பு, வெள்ளை, சிவப்பு. கிணற்றில் கீழே கீழே விழுந்துகொண்டே சுட வேண்டும். முழுக்கச் சிவப்பாக இருப்பதை மிதிக்கக் கூடாது. அவ்வளவு வேகத்தில் விழும்போது நான்காவது நிறம் ஒன்றைக் கண் எப்படி வாங்கும்? 2010-இல் டெர்ரி கேவனா செய்த விவிவிவிவிவி-யில் வரைபடம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கோடும் கட்டமும்தான். ஆனால் கதாநாயகன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், செத்தால் அது சோர்ந்துபோகும். அந்த ஒன்றே போதும், அவன்மேல் நமக்குப் பாசம் வந்துவிடும். ‘கிராபிக்ஸ் தேவையே இல்லை’ என்பதற்கு இந்த விளையாட்டைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு இதுவே எதிர்ப்பக்க உதாரணம். எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்று இவ்வளவு யோசித்த படம் குறைவு.

மறுபக்கத்தில், பழைய பாணி என்ற பெயரில் கடையில் குவியும் எத்தனையோ விளையாட்டுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆள் பெரிய பெரிய புள்ளியில், கையில் இருக்கும் துப்பாக்கி பொடிப் புள்ளியில், எழுத்து மட்டும் வழவழவென்று வேறொரு அளவில். ஸ்ப்ரைட்டைச் சுழற்றினால் புள்ளிகளே சாய்ந்து நிற்கும். முன்னால் தெரியும் செடி அலங்காரமா, மிதிக்கும் மேடையா என்று தாண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கட்டம் போட்டால் பழசு, பழசு என்றால் எளிது, எளிது என்றால் சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைத்துச் செய்தவை. நான்கு நிறத்தில் செய்வது நானூறு நிறத்தில் செய்வதைவிடக் கஷ்டம் என்பதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

ஷவல் நைட்டில் என்னை அசைத்த இடம் ஒன்று உண்டு. சில லெவல்கள் முடிந்ததும் அவன் காட்டில் நெருப்பு மூட்டி, பக்கத்தில் படுத்துத் தூங்குவான். கனவு வரும். கனவில் ஷீல்டு நைட் வானத்திலிருந்து மெல்ல விழுந்துகொண்டிருப்பாள். நீங்கள் ஓடிப்போய் அவளைப் பிடிக்க வேண்டும். சில நேரம் நடுவில் எதிரிகள் மறிப்பார்கள். அவள் உருவம் திரையில் ஒரு விரல்நுனி அளவுதான். முகம் கிடையாது, தலைக்கவசம்தான். பேச்சு கிடையாது. இருந்தாலும் அவள் தரையைத் தொடுவதற்குள் போய்விட வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிடிக்கும் அந்த நொடியில் விழித்துக்கொள்வான். நெருப்புப் பக்கத்தில் அவன் மட்டும் இருப்பான். உண்மையான மனித முகத்தை ரோமக்கால் தெரிய வரைந்த விளையாட்டுகள் இதில் பாதிகூட என்னை உலுக்கியதில்லை.

இசையையும் இதே கட்டுப்பாட்டில் செய்திருக்கிறார்கள். ஜேக் காஃப்மன் இசை. இரண்டு பாட்டு மட்டும் முதல் மெகா மேனுக்கு இசையமைத்த மனாமி மட்சுமே செய்தது. 1989-இல் ஜப்பானில் வந்த கேசில்வேனியா 3 கேசட்டுக்குள் கொனாமி வைத்த விஆர்சி6 என்ற சிப் இருந்தால் என்ன ஒலி வருமோ, அதற்குள்ளேயே முழு இசையையும் அடக்கியிருக்கிறார்கள். படம் 1980-களில் இருக்க, காதில் இன்றைய ஆர்கெஸ்ட்ரா கேட்டால் ஒட்டியிருக்காது.

குறைகளும் உண்டு. பிளேக் நைட்டை நாயகனாக வைத்த 2015 கதையில் லெவல்கள் பெரும்பாலும் முதல் கதையில் பார்த்தவைதாம். அவனுடைய வெடித்துத் தாவும் முறை விரலுக்குப் பழக வெகுநேரமாகிறது. பழகியபின் சுகம்தான், ஆனால் அதுவரை பொறுமை வேண்டும். 2019-இன் கிங் ஆஃப் கார்ட்ஸில் நடுநடுவே ஒரு சீட்டாட்டம் வரும். தாண்டிக் குதிக்க வந்தவனை உட்காரவைத்து யோசிக்கச் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. கடைசிக் கோபுரத்தில் பின்னணி நிறங்கள் மற்ற லெவல்கள் அளவுக்குத் தெளிவாக இல்லை. அங்கே நான் செத்ததில் சில என் தவறு, சில அந்தப் பின்னணியின் தவறு என்று இன்றும் வாதிடுவேன்.

எல்லாக் கதைகளிலும் சிறந்தது எது என்றால், 2017-இன் ஸ்பெக்டர் ஆஃப் டார்மென்ட். லெவல்களைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். ஸ்பெக்டர் நைட் காற்றில் குறுக்காக அரிவாளை வீசிப் பாய்வான். எதிரிக்கு மேலே இருந்தால் கீழ்நோக்கி, கீழே இருந்தால் மேல்நோக்கி. எந்தப் பக்கம் பாய்வான் என்று எதிரியின் மேல் ஒரு சாய்கோடு முன்கூட்டியே காட்டிவிடும். அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்துவிட்டு இந்த விளையாட்டை ஆடச் சொன்னால் யாராலும் ஆட முடியாது. படம் முக்கியமா என்று கேட்பவர்களை நான் முதலில் இதைத்தான் ஆடிப் பார்க்கச் சொல்வேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: டிரெஷர் டிரோவ் தொகுப்பையே வாங்குங்கள், கதைகளைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டாம். கணினியில் ஆடுவதாக இருந்தால் ஒரு சாதாரண கண்ட்ரோலர் இருந்தால்கூடப் போதும்; கீபோர்டில் கீழ்நோக்கிக் குதிப்பது விரலை நோகடிக்கும். பழைய மடிக்கணினியிலும் திணறாமல் ஓடுகிறது. முதலில் ஷவல் ஆஃப் ஹோப் (2014-இல் வந்த முதல் கதை), பிறகு நேராக ஸ்பெக்டர், மற்றவை அப்புறம். செக்பாயிண்ட் விளக்குகளை உடைத்தால் பணம் கிடைக்கும், ஆனால் செத்தால் அந்த இடத்திலிருந்து தொடங்க முடியாது. முதல் ஆட்டத்தில் அவற்றை உடைக்காமல் விடுவது நல்லது. செத்தால் உங்கள் பணத்தில் ஒரு பகுதி சிறகு முளைத்த பைகளாக அங்கேயே மிதக்கும், அடுத்த முறை போய் எடுத்துக்கொள்ளலாம். சில பைகள் பள்ளத்துக்கு நேர்மேலே மிதக்கும். அவற்றுக்காகப் பாய வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் பாய்கிறான்.